'சமூகம்' என்ற கட்டம்: தன்விவரக் குறிப்பையும் வேலை தேடலையும் சட்டத்தின் கண்கொண்டு பார்த்தல்

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள நகலகங்களில் ஒரு கணினி இருக்கும். அந்தக் கணினிக்குள் ஆயத்தமாக ஒரு 'பயோடேட்டா' படிவம் இருக்கும். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பாலினம், திருமண நிலை, மதம், சமூகம், நிரந்தர முகவரி, கல்வித் தகுதி, முன் அனுபவம். கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கேட்பார். நாம் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வார். பத்து நிமிடத்தில் தாள் கைக்கு வந்துவிடும்.

சட்டப் படிப்பை முடித்த ஆண்டில் என் முதல் தன்விவரக் குறிப்பை நானும் அப்படியொரு கடையில்தான் எடுத்தேன். "கம்யூனிட்டி என்ன தம்பி?" என்று கேட்டார், சொன்னேன். அந்தத் தாளுடன் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திற்கு இளநிலை வழக்கறிஞராகச் சேரச் சென்றேன. அங்கிருந்த மூத்தவரின் பார்வை மேலிருந்து கீழே இறங்கி ஒரு கட்டத்தில் நின்றது. கல்வித் தகுதி அதற்கும் கீழே இருந்தது. அதுவரை அவர் போகவில்லை. "சொல்லி அனுப்புகிறேன்" என்றார். சொல்லி அனுப்பவில்லை. அந்தக் கட்டம்தான் காரணம் என்று இன்றுவரை என்னால் மெய்ப்பிக்க இயலாது. பணியமர்த்தலில் சாதி இயங்கும் முறையே இதுதான்: அடையாளம் கேட்டு வாங்கப்படும், காரணம் சொல்லப்படாது.

வேலை தேடும் தலித் மாணவர்களுக்கான பயிலரங்குகளில் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு செய்தியைத்தான் இங்கு விரித்து எழுதுகிறேன். தன்விவரக் குறிப்பு என்பது பணிவாக நிரப்பிக் கொடுக்கும் படிவமன்று. எந்தத் தகவலை, யாருக்கு, எந்தக் கட்டத்தில் தருவது என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சாதிச் சான்று உங்கள் அரசமைப்புச் சட்ட உரிமையின் திறவுகோல். தனியார் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதே தகவல் உங்களை வடிகட்டும் சல்லடை. இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுப்பதுதான் நம் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு.

ஆய்வுகள் காட்டும் உண்மை

இது வெறும் மனக்குறை அன்று. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் அமெரிக்கச் சமூகவியலாளர் பால் அட்டவெல்லும் நடத்திய ஆய்வு 2007ஆம் ஆண்டு 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வெளியானது. நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு, 66 வார காலத்தில், 4,808 விண்ணப்பங்களை அவர்கள் அனுப்பினர். தகுதிகள் ஒத்தவை, பெயர்கள் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67 ஆகவும் முஸ்லிம் பெயருக்கு 0.33 ஆகவும் இருந்தது. நேர்காணலே நடக்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, ஆங்கிலம் பேசத் தெரியுமா என்று சோதிக்கவில்லை. தாளில் இருந்த பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது.

நம் அருகிலுள்ள சென்னையைக் களமாகக் கொண்டு ஸாஹ்ரா சித்திக் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. உயர்சாதிப் பெயர் கொண்டவர் பெறும் அதே எண்ணிக்கையிலான அழைப்புகளைப் பெற, தாழ்த்தப்பட்ட சாதிப் பெயர் கொண்டவர் சராசரியாக 20 விழுக்காடு கூடுதல் விண்ணப்பங்களை அனுப்ப வேண்டியிருந்தது என்பது அதன் முடிவு. அமெரிக்காவில் 2004இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வும் இதே வகையினது. பாஸ்டனிலும் சிகாகோவிலும் எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்கள், லகீஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்களைவிட 50 விழுக்காடு அதிக அழைப்புகளைப் பெற்றன.

இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 மனிதவள மேலாளர்களிடம் உரையாடி எழுதிய கட்டுரையும் 2007இல் வந்ததே. தங்கள் நிறுவனத்தில் திறமை மட்டுமே அளவுகோல் என்று கூறிய அதே மேலாளர்கள், நேர்காணலில் 'குடும்பப் பின்னணி'யைக் கேட்பதை இயல்பான ஒன்றாகக் கருதினர். அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர், குடும்பத்தில் படித்தவர் யார் என்ற வினாக்களின் வழியாகச் சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலேயே சாதியை அறிந்துகொள்ள முடிகிறது.

தமிழ்நாட்டுத் தாளில் சாதி எந்த வரியில் இருக்கிறது?

வட இந்தியாவில் குடும்பப் பெயரே சாதியைச் சொல்லிவிடும். நமக்கு அப்படி இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடத் தீர்மானித்தது. அதன் பயனாகத் தமிழர் பெரும்பாலோர் முன்னெழுத்துடன் நிற்கிறோம். இது பெரும் சாதனை. ஆயினும் பெயரிலிருந்து வெளியேறிய சாதி, தாளின் வேறு வரிகளில் குடியேறிக்கொண்டது.

முதலாவது, முகவரி. காஞ்சிபுரம் கோயில் நகரம்; பட்டு நகரம். சன்னதி வீதிகளும் நெசவாளர் தெருக்களும் தனித்தனி. இங்குத் தெருவின் பெயரைச் சொன்னால் சாதியைச் சொன்னதாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஊருக்கு வெளியே உள்ள குடியிருப்புக்குக் 'காலனி' என்ற ஒட்டு. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்பு வந்துவிட்டது, உங்கள் ஆதார் அட்டையிலும் பழைய சான்றிதழ்களிலும் அச்சொல் இன்னும் இருக்கலாம்.

இரண்டாவது, பள்ளி. 'அரசு ஆதிதிராவிடர் நல உயர்நிலைப் பள்ளி' என்று எழுதிய அக்கணமே செய்தி சேர்ந்துவிடுகிறது. மூன்றாவது, விடுதியும் கல்வி உதவித்தொகையும். அரசு மாணவர் விடுதிகள் 'சமூகநீதி விடுதிகள்' என்று அழைக்கப்படும் என 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டதும் இந்த அடையாளச் சுமையை இறக்கும் முயற்சியே. நான்காவது, தந்தை பெயரும் அவர் தொழிலும். ஐந்தாவதாக, வெளிப்படையாகவே கேட்கும் 'சமூகம்' என்ற கட்டம்.

இந்த ஐந்தில் வேலைக்குத் தேவையானது எது? பள்ளியின் பெயர் ஒன்றுதான், அதுவும் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ கேட்கப்படும் வேலைகளுக்கு மட்டும். பட்டப்படிப்பு முடித்தவர் 'மேல்நிலைக் கல்வி, தமிழ்நாடு மாநில வாரியம், ஆண்டு, மதிப்பெண்' என்று எழுதினால் போதும். மற்ற நான்கும் நகலகத்துப் படிவத்தின் மிச்சங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது, எங்கே நின்றுவிடுகிறது?

அரசு வேலையைப் பொறுத்தவரை அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து, இடஒதுக்கீட்டுக்கும் வழி செய்கிறது. தனியார் நிறுவனத்திற்கு அப்பிரிவு பொருந்தாது. வேலை, தொழில் ஆகியவற்றில் பாகுபாட்டை ஒழிப்பதற்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960இலேயே ஏற்றுக் கையொப்பமிட்டிருக்கிறது. ஆனாலும் சாதியின் பெயரால் ஒரு தனியார் முதலாளி விண்ணப்பத்தை ஒதுக்குவதைத் தடுக்கும் தனிச் சட்டம் இன்றுவரை இல்லை.

இது தனியாரைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இயலாது என்பதால் வந்த நிலை அன்று. ஆட்சேர்ப்பில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் தனியாருக்கும் சேர்த்தே தடை செய்தது. அதன் இடத்தில் வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பும் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கு வேலையில் பாகுபாடு காட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்குப் பாகுபாடு காட்டுவதை 2019ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கின்றன. இவை யாவும் வரவேற்கத்தக்கவை. இந்த வரிசையில் சாதி மட்டும் ஏன் விடுபட்டது என்பதுதான் நாம் எழுப்ப வேண்டிய வினா. கடல் கடந்த சியாட்டில் நகர மன்றம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சாதியைத் தோற்றுவித்த மண்ணில் அந்தச் சட்டம் இல்லை.

குற்றவியல் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. தீண்டாமையின் அடிப்படையில் ஒருவர் தொழில் செய்வதையோ வேலையில் சேர்வதையோ தடுப்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ் குற்றம். 2016 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவும், பொதுமக்களில் பிறருக்குத் திறந்திருக்கும் வேலையில் பட்டியல் சாதியினர் சேர்வதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் குற்றவியல் வழக்கில் ஐயத்திற்கு அப்பாற்பட்ட மெய்ப்பு வேண்டும். "சொல்லி அனுப்புகிறேன்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்திலும் தண்டனை பெற முடியாது. எனவேதான் சான்றுகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் நமக்கு வேண்டும். அதைப் பின்னர் சொல்கிறேன்.

திருமண நிலை: நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம்

ஒரு கட்டம் எவ்வளவு செய்யும் என்பதற்குக் காஞ்சிபுரம் மாவட்டமே சாட்சி. ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் தொழிற்சாலையில் திருமணமான பெண்கள் உற்பத்திப் பிரிவு வேலைகளிலிருந்து ஒதுக்கப்படுகிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2024 ஜூனில் செய்தி வெளியிட்டது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. பாகுபாடு காட்டவில்லை என்று நிறுவனம் மறுத்தது. ஆட்சேர்ப்பு விளம்பரங்களில் திருமண நிலை போன்றவற்றைக் குறிப்பிட வேண்டாமென முகவர்களுக்கு அந்நிறுவனம் அறிவுறுத்தியதாக அவ்வாண்டின் பிற்பகுதியில் செய்தி வந்தது. ஒரு கட்டத்தைக் குறித்த கேள்வி பொதுவெளிக்கு வந்ததும் விளம்பரத்தின் வாசகம் மாறியது. கேள்வி கேட்பதற்குப் பயன் உண்டு.

மறைப்பதா, மறுப்பதா?

பயிலரங்குகளில் தோழர்கள் தவறாமல் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு. "நாம் ஏன் மறைக்க வேண்டும்? தலித் என்று தலைநிமிர்ந்து சொல்வதுதானே அரசியல்?" மதிக்கத்தக்க வினா இது. என் விடை: பொய் சொல்வது வேறு, தேவையற்ற வினாவுக்கு விடை தர மறுப்பது வேறு. சாதியை மாற்றிச் சொல்லாதீர்கள், முகவரியைப் புனையாதீர்கள். வேலைக்குத் தொடர்பில்லாத தகவலைத் தாளில் ஏற்றாதீர்கள், அவ்வளவே. வேலையில் சேர்ந்த பின் உங்கள் மேசையில் அண்ணலின் படத்தை வைப்பது உங்கள் உரிமை. உள்ளே நுழைவதற்கு முன்பே கதவைச் சாத்துவதற்கான காரணத்தை நீங்களே அச்சிட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

இதில் கடினமான இடம் இயக்க அனுபவம். அம்பேத்கர் பெயரிலான இரவுப் பாடசாலையை மூன்றாண்டு நடத்திய மாணவி ஒருவர், அதை எழுதலாமா என்று கேட்டார். எழுதத்தான் வேண்டும், அதுவே அவருடைய வலுவான தகுதி. '40 மாணவர்களுக்கு வாரம் 5 நாள் மாலை வகுப்பு. 6 தன்னார்வலர்களை ஒருங்கிணைத்தல். ஆண்டுக் கணக்கு பராமரிப்பு' என்று செய்த பணியை முன்னிறுத்தி எழுதினோம். அமைப்பின் பெயரைச் சேர்ப்பதா என்பதை அவரே முடிவு செய்தார், சேர்த்தார். அந்தப் பெயரைக் கண்டு முகம் சுளிக்கும் இடத்தில் தனக்கு வேலை வேண்டாம் என்றார். வீட்டில் அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாத இன்னொருவர் சேர்க்காமல் விட்டார். இரண்டுமே சரி. தீர்மானிப்பவர் நீங்களாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

வலுவான குறிப்பை எழுதும் முறை

இரண்டு தாள்களுக்கு மிகாமல், புதியவர் என்றால் ஒரே தாளில் எழுதுங்கள். மேலே பெயர், கைபேசி எண், ஒழுங்கான மின்னஞ்சல், 'காஞ்சிபுரம்' என்று ஊர் மட்டும். முழு முகவரி பணி நியமன ஆணைக்குத்தான் தேவை. அடுத்து, எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அதற்கு உங்களிடம் உள்ள தகுதி என்ன என்று மூன்று வரி. 'கடின உழைப்பாளி, நேர்மையானவர்' என்ற சொற்களை எல்லோரும் எழுதுவதால் அவற்றை யாரும் படிப்பதில்லை. விளம்பரத்தை இரண்டு முறை படித்து, அதில் கேட்டிருக்கும் திறன்களில் உங்களுக்கு உள்ளவற்றை அதே சொற்களில் எழுதுங்கள். பெரிய நிறுவனங்களில் முதல் சலிப்பை மென்பொருள் செய்கிறது. அது சொற்களைத்தான் தேடும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே தாளை அனுப்பாதீர்கள். அடிப்படைக் குறிப்பு ஒன்றை விரிவாக எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து வேலைக்கு ஏற்ப வெட்டி எடுங்கள். நகலகத்தை நம்பியிராமல் கைபேசியிலேயே திருத்தப் பழகுங்கள். பிடிஎஃப் கோப்பாக, உங்கள் பெயரிட்டு அனுப்புங்கள்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் 'அனுபவம்: இல்லை' என்று எழுதுகிறார்கள். இது உண்மையன்று. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கூலித் தறியில் வளர்ந்த தலித் பிள்ளைகள் பலர். பட்டுநூலும் சரிகையும் எடை போட்டு வரும். சேலையாக எடை போட்டுத் திரும்பும். அந்தக் கணக்கை வீட்டில் எழுதியவர் நீங்கள் என்றால், அது மூலப்பொருள் கணக்குப் பராமரிப்பு. தார் சுற்றியது, பாவு பிணைத்தது, கோர்வையில் கரையும் உடலும் இணையும் இடத்தைப் பிசகாமல் பிடித்தது, ஜக்கார்டில் அட்டை மாற்றியது, கூட்டுறவுச் சங்கத்தில் சேலையைக் காட்டித் தரம் பேசியது ஆகிய ஒவ்வொன்றும் தொழிற்சாலை மொழியில் ஒரு திறன்: நுண் கைவேலை, இயந்திர இயக்கம், தரக் கட்டுப்பாடு. '18 வயது முதல் 4 ஆண்டுகள், குடும்பக் கைத்தறியில் பகுதிநேரப் பணி' என்று ஆண்டுக் கணக்கோடு எழுதுங்கள். நெசவாளர் அடையாள அட்டை இருந்தால் அதுவே சான்று. முறையாகப் பயிலாமல் வேலையிலேயே கற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் அரசின் 'முன்கற்றல் அங்கீகாரம்' திட்டமும் இத்தகையோருக்கானதே.

இங்கே ஒரு கசப்பான வரலாறும் உண்டு. பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. முன்பணத்திற்காகத் தறியில் உட்கார்த்தப்பட்ட குழந்தைகளில் தலித்துகள் கணிசமானோர். அந்தத் தலைமுறையில் சிலர் இடைநின்ற படிப்பைப் பின்னாளில் தனித்தேர்வராக எழுதி முடித்திருக்கிறார்கள். அவர்களுடைய தாளில் சில ஆண்டுகள் வெற்றிடமாக இருக்கும். அதற்காக வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்களல்லர். 'குடும்பச் சூழலால் இடைநிறுத்தம். பணியாற்றிக்கொண்டே மேல்நிலைத் தேர்வில் தேர்ச்சி' என்ற ஒரு வரி போதும். அந்த வரி தளராத உழைப்பைக் காட்டும்.

தொழிற்பேட்டை வேலை செய்தவர்களுக்கு வேறு சிக்கல். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஒப்பந்ததாரர் வழியாக வேலை செய்தவர் பலருக்கு அனுபவச் சான்றிதழே கிடைப்பதில்லை. ஒப்பந்ததாரர் மாறிவிடுவார், சில சமயம் ஆலையே மூடிவிடும். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியதை நாம் கண்டோம். வருங்கால வைப்புநிதியின் யுஏஎன் கணக்கில், எந்த நிறுவனத்தில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பணியில் இருந்தீர்கள் என்ற பதிவு இருக்கும். அந்தப் பணி வரலாற்றைப் பதிவிறக்கி வையுங்கள். சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ அட்டை, வாயிற்படி அடையாள அட்டையின் படம் ஆகியவையும் சான்றுகளே.

அரசு விண்ணப்பத்தில் நேர் எதிரான விதி

இதுவரை சொன்னவை தனியார் வேலைக்கு. அரசுத் தேர்வுகளில் சாதியைத் துல்லியமாகவும் முழுமையாகவும் குறிப்பிட்டே ஆக வேண்டும். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18. அதற்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு. அருந்ததியர் பிரிவைச் சேர்ந்தவர் பட்டியல் சாதி என்று மட்டும் குறித்தால் தனக்குரிய இடத்தை இழக்கக்கூடும். கிறித்தவராக மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவதால், சான்றிதழில் உள்ளபடியே நிரப்ப வேண்டும்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் கட்டணம் இல்லை. நகலகத்தில் கேட்டாலும் தேர்வுக் கட்டணம் என்று பணம் கொடுக்காதீர்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் தேர்வுக்குரிய கல்வித் தகுதி வரை எல்லா நிலைகளிலும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் அதற்கான சான்றை இப்போதே வாங்கி வையுங்கள்.

இன்னொன்று: சாதியைக் குறிப்பிட்டால் பொதுப்பிரிவு இடம் போய்விடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. அது தவறு. பொதுப் போட்டி இடங்கள் எவருக்கும் உரியவை. பொதுப்பிரிவுக்கான மதிப்பெண்ணைத் தன் தகுதியால் பெறும் தலித் தேர்வர் அந்த இடத்திற்கே உரியவர் என்பதை உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சௌரவ் யாதவ் வழக்கிலும் உறுதிப்படுத்தியது.

மாவட்டப் பிரிப்பையும் மறக்க வேண்டாம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. பழைய சான்றிதழில் ஒரு மாவட்டமும் ஆதாரில் இன்னொரு மாவட்டமும் இருப்பது குற்றமில்லை. ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பில் காலம் கடத்த அது ஒரு சாக்காகிவிடக்கூடாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள்.

தேடலை நிர்வகித்தல்: ஒரு பதிவேடு

இருபது விண்ணப்பம் அனுப்பிவிட்டு எதற்கு அனுப்பினோம் என்றே மறந்துவிடுவது வழக்கம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நிறுவனம், வேலையின் பெயர், விளம்பரம் வந்த இடம், அனுப்பிய கோப்பு, பேசியவர் பெயர், என்ன சொன்னார், அடுத்து எப்போது கேட்க வேண்டும் என்ற எட்டுப் பத்திகள். விளம்பரத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். ஒரு வாரத்தில் விடை வராவிட்டால் மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். இந்தப் பதிவேடு தேடலுக்கு ஒழுங்கைத் தரும். நாளை பாகுபாடு வெளிப்படையாக நடந்தால் அதுவே உங்கள் முதல் ஆவணம். ஒரே வளாகத்திலிருந்து ஒரே வேலைக்கு விண்ணப்பித்த பத்து மாணவரின் பதிவேடுகள் ஒன்றுசேர்ந்தால், தனித்தனியே மெய்ப்பிக்க இயலாதது ஒரு வடிவமாகத் தெரியத் தொடங்கும். மாணவர் அமைப்புகள் இதைக் கூட்டாகச் செய்யலாம்.

எங்கே தேடுவது? நம் பிள்ளைகளுக்குச் சொந்தக்காரர் பரிந்துரை கிடைப்பது அரிது. பல இடங்களில் காலிப் பணியிடம் விளம்பரத்திற்கே வருவதில்லை. உள்ளே இருப்பவரின் உறவுக்குச் சென்றுவிடுகிறது. எனவே முன்பு படித்து வேலையில் அமர்ந்த நம் அண்ணன்களையும் அக்காக்களையும் கல்லூரிவாரியாகப் பட்டியலிட்டு, காலியிடச் செய்தி பகிரும் குழுவை நாமே அமைக்க வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் நடக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்குச் செல்லுங்கள். பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

பலரும் அறியாத வழி ஒன்று தொழிற்பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள், தனியாராயினும், பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். அச்சட்டத்தின் 3ஏ பிரிவு, குறிப்பிட்ட தொழில்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. தனியார்துறை இடஒதுக்கீடு இந்த நாட்டில் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் இந்தப் பிரிவை நினைவூட்டுங்கள். நம் மாவட்டத்தின் ஆலைகளில் இது எவ்வளவு நிறைவேற்றப்படுகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அரசிடம் கேட்கலாம்; கேட்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவர் வேலை தருபவரல்லர். அசல் சான்றிதழ்களை எந்த நிறுவனத்திடமும் ஒப்படைக்காதீர்கள். காட்டிவிட்டு நகல் கொடுங்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. உதவித்தொகை வரவில்லை என்று கூறி உங்கள் சான்றிதழை நிறுத்திவைத்தால் அதை எழுத்தில் கேளுங்கள். பிறகு எங்களைப் போன்ற வழக்கறிஞர்களிடம் வாருங்கள்.

"நீங்க எந்தப் பக்கம்?"

தாளில் இல்லாதது நேர்காணலில் கேட்கப்படும். "காஞ்சிபுரத்துல எந்தப் பக்கம்?", "அப்பா என்ன பண்றார்?", "குலதெய்வம் எது?" இவற்றுக்கு விடையை முன்பே ஆயத்தம் செய்யுங்கள். ஊர், வட்டம் மட்டும் சொல்லி, "தினமும் சரியான நேரத்திற்கு வந்துவிட இயலும்" என்று வேலைக்குத் திருப்பலாம். "அப்பா கூலி வேலை செய்கிறார், குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்" என்று குரல் தாழாமல் சொல்லலாம். சாதியையே நேரடியாகக் கேட்டால், "இந்தப் பணிக்கு அது எவ்வகையில் தொடர்புடையது என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று அமைதியாகக் கேட்கலாம். வெளியே வந்ததும் கேட்கப்பட்ட சொற்களை அப்படியே, தேதி நேரத்துடன் பதிவேட்டில் எழுதுங்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினாலோ சாதியைக் காரணம் காட்டி மறுத்தாலோ காவல் நிலையத்திலும், தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்திலும், தமிழ்நாடு மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்திலும் முறையிடலாம்.

நல்ல தன்விவரக் குறிப்பு சாதியை ஒழித்துவிடாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று 1917இல் பரோடா சமஸ்தானப் பணிக்குத் திரும்பிய அண்ணல் அம்பேத்கருக்கு, அந்த நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. அன்றைய இந்தியாவில் அவருடையதைவிட வலுவான கல்வித் தகுதி எத்தனை பேரிடம் இருந்திருக்கும்? தகுதி போதவில்லை என்பது எப்போதும் காரணமாக இருந்ததில்லை.

ஆகவே இரண்டு வேலைகளையும் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கிறது. 1925 நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில், திரு.வி.க. தலைமையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அனுமதிக்கப்படாததால் பெரியார் வெளியேறினார். அந்தப் பத்தாண்டிலேயே நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி அரசாணை, 12 அரசுப் பணியிடங்களில் ஒன்றை ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கியது. நூறாண்டுகள் கழிந்து வேலைகளில் பெரும்பகுதி தனியாருக்குச் சென்றுவிட்டது. அந்தத் தீர்மானம் தனியார் ஆலைகளின் வாயிலைத் தாண்டவில்லை. அதைத் தாண்டவைக்கும் சட்டத்திற்காகப் போராடுவோம். அதுவரை, அடுத்த முறை நகலகத்தில் "கம்யூனிட்டி என்ன?" என்று கேட்கும்போது, "அந்த வரியை எடுத்துவிடுங்கள் அண்ணா" என்று சொல்லுங்கள்.